விழித்திருத்தல்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இறுதிக்கால ஆயத்தம்

1. ஆய்வின் நோக்கம்

கிறித்து மீண்டும் வருவார். அவர் வரும் நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார். ஆதலின் அடியார் எப்பொழுதும் விழித்து ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கிறித்தவர் போற்றும் இறுதிக்காலக் கோட்பாட்டின் சாரம் இதுவே. மத்தேயு நூலின் 24, 25-ஆம் அதிகாரங்களும், மாற்கு நூலின் 13-ஆம் அதிகாரமும், லூக்கா நூலின் 12-ஆம் அதிகாரமும் இதனை உவமைகளால் விளக்குகின்றன. இரவில் வரும் கள்வன், தலைவன் இல்லாத வீட்டைக் காக்கும் ஏவலர், மணமகனை எதிர்கொள்ள விளக்கேந்திச் செல்லும் பத்துக் கன்னியர் ஆகியோர் அவ்வுவமைகளில் இடம்பெறுவோர்.

இக்கோட்பாடு தமிழ்க் கிறித்தவ நூல்களில் வருமிடங்களைக் காணும் நம்மவர், இது நம் நிலையாமைக் கருத்தே எனக் கூறி மேற்செல்வது உண்டு. இரண்டும் இறப்பை நினைவூட்டுகின்றன. இரண்டும் செல்வத்தைப் பற்றாதே என்கின்றன. ஆதலின் இரண்டும் ஒன்றே என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். தமிழ்க் கிறித்தவப் பேரிலக்கியங்கள் இக்கோட்பாட்டின் எப்பகுதியை ஏற்றுப் பாடின, எப்பகுதியை நெகிழவிட்டன என்று காண்பது இரண்டாம் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு வடசென்னைக் கடற்கரையை ஒரு களமாகக் கொள்ளலாம். இராயபுரத்தில் கிறித்தவமும், திருவொற்றியூரில் சைவமும், எண்ணூரில் கழிமுகமும் ஆலைகளும் ஒரே கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முடிவு பற்றிய இருவேறு மரபுகளும் வாழும் மண் இது. புயலும் கடலும் அவ்வப்போது முடிவை நினைவூட்டும் மண்ணும் இதுவே.

2. சொற்களின் குறிப்பு

ஒரு கோட்பாடு ஒரு மொழியிற் குடிபுகுங்கால் எச்சொற்களை ஏற்கின்றது என்பது முதற்கண் நோக்கத்தக்கது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. இவற்றின் வழிவந்த மொழிபெயர்ப்புகளிலும் சபை வழக்கிலும் இக்கருத்தைச் சுமப்பன விழிப்பு, ஆயத்தம், எச்சரிக்கை என்னும் மூன்று சொற்களாம்.

இவற்றுள் விழிப்பு தூய தமிழ்ச்சொல். கண் திறந்திருத்தலையும் அறிவு திறந்திருத்தலையும் அஃது ஒருங்கே குறிக்கும். ஆயத்தம் வடசொல், செயலுக்கு வேண்டுவன எல்லாம் அமைந்து நிற்கும் நிலையை உணர்த்தும். எச்சரிக்கை தெலுங்கு, கன்னட மொழிகளோடு உறவுடைய சொல். அரசரோ தெய்வமோ எழுந்தருளுங்கால் கட்டியம் கூறுவோர் எழுப்பும் விளியாகவும், அவ்விளியின் வழித்தோன்றிய பாட்டு வகையாகவும் அது வழங்கியது. இம்மூன்றனுள் ஒன்றேனும் துறவைக் குறிப்பதன்று என்பது கருதத்தக்கது. மூன்றும் காவலிலும் பணியிலும் அரசவையிலும் வழங்கும் சொற்கள்.

சீர்திருத்தச் சபையினர் வழங்கும் ‘எழுப்புதல்’ என்னும் சொல்லும் இவ்வகையினதே. உறங்கும் சபையை உணர்த்தி எழுப்பும் கூட்டங்களை ‘எழுப்புதல் கூட்டம்’ என்பர். துயில்வாரை எழுப்பும் பாட்டு மரபு தமிழுக்குப் புதிதன்று. திருப்பாவையும் திருவெம்பாவையும் மார்கழி வைகறையில் மகளிர் மகளிரைத் துயிலெழுப்பும் நூல்களாதலை யாவரும் அறிவர். ஆயின் பாவை நூல்களில் எழுப்பப்படுவோர் நோன்புக்கும் நீராடலுக்கும் செல்கின்றனர். நற்செய்தி உவமைகளில் எழுப்பப்படுவோர் தத்தம் கடமைக்குச் செல்கின்றனர். இவ்வேறுபாட்டைப் பின்னரும் காண்பாம்.

3. நிலையாமையும் பொச்சாவாமையும்

தமிழில் நிலையாமையைக் கூறும் மரபு பழைமையானது. புறத்திணைகளுள் காஞ்சி நிலையாமையைப் பொருளாக உடையது. மாங்குடி மருதனார் நெடுஞ்செழியனுக்கு மதுரைக்காஞ்சி பாடினார். திருவள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் 34-ஆம் அதிகாரமாக வைத்தார். இம்மரபின் பிற்கால எல்லையாக நிற்பவர் பட்டினத்தார். பதினோராம் திருமுறையில் திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது பாடிய பட்டினத்தார் ஒருவர் உளர்; உடலின் இழிவையும் இறப்பின் உறுதியையும் எளிய மொழியிற் பாடிய பட்டினத்தார் காலத்தாற் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. மக்கள் வழக்கு இருவரையும் ஒருவராக்கி, திருவொற்றியூர்க் கடற்கரையில் அவர்தம் சமாதியை வணங்கி வருகின்றது.

பட்டினத்தார் வரலாற்றில் ஊசி ஒன்றே பெருவணிகர் ஒருவரைத் துறவியாக்கியது. இறுதிப் பயணத்தில் ஊசியும் உடன்வாராது என்று உணர்ந்தவர் வீட்டை விட்டு வெளியேறுகின்றார். நிலையாமை உணர்ச்சியின் இயல்பான முடிவு துறவு என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. உலகம் நில்லாது, ஆதலின் உலகை விடுக என்பது அதன் நெறி.

நற்செய்தி உவமைகளின் நெறி வேறு. மாற்கு கூறும் உவமையில் வீட்டுத் தலைவன் தொலைவிடம் செல்லுங்கால் ஒவ்வோர் ஏவலனுக்கும் ஒவ்வொரு வேலையை ஒப்படைக்கின்றான். வாயிற்காவலனை விழித்திருக்கப் பணிக்கின்றான். தலைவன் திரும்புங்கால் வீட்டைத் துறந்து போனவனைப் பாராட்டுவதில்லை. இட்ட வேலையில் நிற்பவனையே பாராட்டுகின்றான். லூக்கா கூறும் மேற்பார்வையாளனும், உடன் ஏவலர்க்கு உரிய வேளையில் உணவளிக்கும் பணியில் இருந்தால் பேறுடையவன் ஆகின்றான். இங்கே முடிவு பற்றிய உணர்ச்சி மனிதனை வீட்டினின்று வெளியேற்றவில்லை. வீட்டின் வாயிலில் நிறுத்துகின்றது.

ஆதலின் திருக்குறளில் இதற்கு ஒப்புமை தேடுவார் 34-ஆம் அதிகாரத்தைக் காட்டிலும் பொருட்பாலின் 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையை நாடுதல் தகும். பொச்சாப்பு மறதி, மகிழ்ச்சியால் வரும் சோர்வு. உவமையில் வரும் தீய ஏவலன் தலைவன் வரக் காலம் நீட்டிப்பான் என்று எண்ணிக் களித்து மறந்தவன்; அவன் குற்றம் பொச்சாப்பே. மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரங்களும் வருமுன் காத்தலை வற்புறுத்தும் குறள்களும் இக்கோட்பாட்டுக்கு அணுக்கமானவை. வள்ளுவர் இவற்றைத் துறவறத்தில் வைக்காது பொருட்பாலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. நிலையாமை, ஆயத்தம் ஆகிய இரண்டும் இறப்பை நோக்குகின்றன எனினும் ஒன்று கைவிடச் சொல்கின்றது. மற்றொன்று கைக்கொண்டதைக் காக்கச் சொல்கின்றது.

4. முல்லையும் மணவறையும்

அக இலக்கியத்தில் காத்திருத்தலுக்கு உரிய திணை முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டைப் பத்துக் கன்னியர் உவமையோடு அருகருகே வைத்துப் படிப்பார்க்கு வியப்பளிக்கும் ஒப்புமைகள் பல தோன்றும். இரண்டிலும் தலைவன் வரவு எதிர்நோக்கப்படுகின்றது. இரண்டிலும் இரவு உண்டு, விளக்கு உண்டு, உறக்கம் உண்டு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் விரிச்சி கேட்டு நற்சொல் பெறுகின்றனர். பாசறையில் நாழிகைக் கணக்கர் பொழுதறிந்து கூறுகின்றனர். முடிவில் கொம்பும் சங்கும் முழங்கத் தலைவன் படை மீளும் ஒலி தலைவியின் செவியில் விழுகின்றது. நற்செய்தியிலும் நள்ளிரவிற் கூக்குரல் எழ, உறங்கிய மகளிர் விழிக்கின்றனர். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று கூறுதற்கு யாதொரு சான்றும் இல்லை. அவ்வாறு கூறுதல் இக்கட்டுரையின் கருத்தும் அன்று. காத்திருத்தல் என்னும் மனநிலையை இருவேறு மரபுகள் எவ்வாறு உருவாக்கின என்று காண்பதே இவ்வொப்பீட்டின் பயன்.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. உவமையின் பத்துக் கன்னியர்க்கு முல்லைப்பாட்டில் ஒப்பாவார் யாவர்? தலைவி என்று விடை கூறத் தோன்றும். அது பொருந்தாது. உவமையின் கன்னியர் மணமகள் அல்லர். மணமகனை எதிர்கொண்டு விளக்கேந்தும் கடமை பூண்ட மகளிர். முல்லைப்பாட்டின் பாசறையில் இடையிற் கச்சோடு வாள் பிணித்து, நெய் வார்க்கும் குழல் தாங்கி, விளக்கு அவியுந்தோறும் நெடுந்திரி கொளுத்தி எரிக்கும் மங்கையர் சிலர் வருகின்றனர். அவர்களே உவமையின் அறிவுள்ள கன்னியர்க்கு நேரானவர். விளக்கோடு எண்ணெய்க்கலமும் உடன்கொண்டமையே அறிவுள்ள ஐவரை ஏனை ஐவரினின்றும் பிரித்தது. அக்கலம் முல்லைப்பாட்டு மங்கையர் கையிலும் இருக்கின்றது. அவர்கள் தலைவனை நினைந்து ஏங்குவோர் அல்லர். விளக்கு அவியாமற் காப்போர்.

தமிழ்க் கிறித்தவக் கவிஞர் இவ்விளக்கு மகளிரை விடுத்துத் தலைவியையே பற்றிக்கொண்டனர். தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி இதற்குத் தக்க சான்று. சுவார்ச்சு ஐயரிடம் சரபோசி மன்னரோடு உடன் பயின்ற அப்புலவர், அக்காலத் தஞ்சையில் செழித்திருந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டார். உலா வரும் தலைவனைக் கண்டு காதல்கொள்ளும் தலைவியாகத் தேவமோகினியைப் படைத்தார். அவள் திருச்சபையின் உருவகம். தலைவன் பெத்லகேம் நாதராகிய கிறித்து. ஞானச்சிங்கி குறி கூறித் தேற்றுகின்றாள்.

இப்படைப்பின் சிறப்பை வடிவத்தின் இயல்பிலேயே காணல் வேண்டும். குறவஞ்சியில் தலைவன் தலைவியர் கூட்டம் குறியாகக் கூறப்படுமேயன்றி அரங்கிற் காட்டப்படுவதில்லை. குறி முடிந்தபின் நாடகம் சிங்கன் சிங்கியர்பாற் செல்கின்றது. வேறு குறவஞ்சிகளில் இவ்விடைவெளி ஒரு மரபு மாத்திரமே. சாத்திரியார் கையில் அது கோட்பாட்டின் உண்மையாகவே மாறுகின்றது. மணம் உறுதி, ஆயினும் இன்னும் நிகழவில்லை. வாக்கு கிடைத்துவிட்டது; நாள் கூறப்படவில்லை. இறுதிக்கால நம்பிக்கையின் நிலை சரியாக இதுவே. தமிழ் வடிவமொன்று கிறித்தவப் பொருளுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்திய இடம் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

ஆயினும் குறை ஒன்று உண்டு. காத்திருப்பவள் தலைவியானமையின் காத்திருத்தல் ஏக்கமாகின்றது. நிலவு சுடுவதும் தென்றல் வருத்துவதும் அகமரபின் அழகுகள். விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் வேலையோ அம்மரபில் தலைவிக்கு உரியதன்று. ஆதலின் ஆயத்தத்தின் உணர்ச்சிப் பகுதி இக்குறவஞ்சியில் நிறைவு பெறுகின்றது. கடமைப் பகுதி ஒளி மங்குகின்றது.

5. நற்சாவும் நெடும்பயணமும்

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி வேறொரு வழியிற் செல்கின்றது. அதன் காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். கத்தோலிக்கர் அவரை நற்சாவுக்குக் காவலராக வணங்குவர். கிறித்துவும் மரியாளும் அருகிருக்க அவர் உயிர்நீத்தார் என்னும் மரபே அதற்குக் காரணம். காப்பியத்தின் மூன்றாம் காண்டத்தில் அவர் பிணியுற்று வருந்துதலும், பொறுமையோடு உயிர்விடுதலும் பாடப்பெற்று, முடிசூட்டு படலத்தோடு நூல் நிறைவுறுகின்றது. உலகம் அனைத்திற்கும் உரிய பொதுத்தீர்வையினும் ஒவ்வொருவர்க்கும் உரிய தனித்தீர்வையை முன்னிறுத்தும் ஆயத்தம் இது.

வளனை நற்சாவின் காவலராக மட்டும் நோக்குவார் காப்பியத்தின் பாதியையே கண்டவராவர். அவர் தச்சர், உழைத்துக் குடும்பம் காத்தவர். கனவில் வானவன் உணர்த்த, அன்றிரவே எழுந்து தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டவர். நடு இரவில் எழுந்து கடமைமேற் சென்ற அச்செயலே விழிப்பின் முழு இலக்கணம். சாவுப் படுக்கையில் அவர் காட்டிய அமைதி, அவ்விரவின் விழிப்பினின்றும் தச்சுப் பணியினின்றும் பழுத்த கனி. முனிவர் காப்பியத்தில் இவ்விரண்டும் உள்ளன. பின்வந்தார் வழிபாட்டில் முன்னது குறைந்து பின்னது மிகுந்தது.

எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் மூன்றாம் வகை. சான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாகக் கம்பர் நடையை ஒட்டிப் பாடப்பெற்றது அது. அழிவுக்குரிய நகரத்தினின்று ஒருவன் விரைந்து புறப்பட்டு, இடர் பல கடந்து, மரண ஆற்றைத் தாண்டி வானக நகரடைகின்றான். இங்கே ஆயத்தம் பயணமாகின்றது. வழியில் உறங்குதலே பெருந்தீங்கு என்பது மூலக்கதையில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படும். தழுவல் நூலும் அந்நெறியிலேயே செல்கின்றது.

மூவகையையும் தொகுத்து நோக்குவாம். குறவஞ்சி காத்திருத்தலை ஏக்கமாக்கியது. தேம்பாவணி மரபு அதனை நற்சாவாக்கியது. யாத்திரிகம் அதனைப் பயணமாக்கியது. ஏங்குபவள் மாடத்தில் இருக்கின்றாள்; சாகின்றவர் படுக்கையில் இருக்கின்றார்; பயணி நகரத்தை விட்டுவிட்டான். தலைவனின் வீட்டில், ஒப்படைத்த வேலையில், இரவுக் காவலில் நிற்பவன் இம்மூன்றிலும் நடுவிடம் பெறவில்லை. மாற்கு உவமையின் வாயிற்காவலன் தமிழ்ப் பேரிலக்கியத்தில் இன்னும் காவியத் தலைமை பெறாதவனாகவே இருக்கின்றான்.

6. நாள் குறித்தலும் பருவம் மறுத்தலும்

கடமைப் பகுதி மங்கினால் நேரும் தீங்கு யாது? வரலாறு அதற்கு விடை கூறும். மக்கெதோனியாவின் துறைமுக நகராகிய தெசலோனிக்காவில் கிறித்துவின் வருகை அண்மித்தது என்று சிலர் கலங்கினர். சிலர் வேலையின்றித் திரிந்தனர். இவ்விரண்டற்கும் தொடர்புண்டு என விவிலிய உரையாசிரியர் பலர் கருதுவர். பவுல் அவர்களுக்கு எழுதிய இரு மடல்களிலும், அமைதியாயிருந்து தம் கையால் உழைக்கவேண்டும் என்று கண்டித்தார். வருகையை மறவாதீர் என்று கூறிய அவரே உழைப்பை விடாதீர் என்றும் கூறினார்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐ வருகை நாளாக நம்பி ஏமாந்தனர். நம் அண்டை நாடாகிய திருவிதாங்கூரிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. தமிழ் அந்தணக் குடியிற் பிறந்து கிறித்தவரான யூசுதூசு யோசேப்பு என்னும் வித்துவான் குட்டி, மலையாளத்தில் இனிய கீர்த்தனைகள் பாடியவர். கிறித்து 1881-இல் வருவார் என்று அவர் அறிவித்தார், பலர் நம்பினர். ஆண்டு வந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. அவர்வழி நின்றோர் யுயோமயம் என்னும் தனிச்சபையாக ஒதுங்கினர்.

அதே 1881-ஆம் ஆண்டு நவம்பரில், அமைக்கப்பட்டுக் கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களைப் புயல் சிதைத்தது. அங்கே நாள் குறித்துக் காத்திருந்த முடிவு வரவில்லை. இங்கே ஒருவரும் நாள் குறியாத அழிவு வந்தது. அழிவுக்குப்பின் துறைமுகம் மீண்டும் கட்டப்பட்டது. பின்னர் அதன் வாயிலும் கிழக்கினின்று வடக்கே மாற்றி அமைக்கப்பட்டது. நாள் அறியாமையே ஆயத்தத்தின் காரணம்; நாள் அறிந்துவிட்டதாக எண்ணுதல் ஆயத்தத்தின் முடிவு. இஃது உவமைகளின் உட்கிடை.

இங்கும் முல்லைத்திணை நமக்குத் துணை செய்யும். முல்லைத் தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று பருவம் குறித்துச் செல்கின்றான். பருவம் வந்தும் அவன் வாராமையே தலைவியின் துயர். நற்செய்தித் தலைவனோ பருவம் குறியாது செல்கின்றான். இவ்வளவில் இரண்டும் மாறுபட்டன. ஆயின் குறுந்தொகையில் ஒரு தோழி உளள். கொன்றை பூத்தது கண்டு கார் வந்தது எனக் கலங்கும் தலைவியை நோக்கி, இது பருவமன்று. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் காரென மயங்கி இப்பேதை மரங்கள் பூத்தன என்று தேற்றுகின்றாள். பருவமன்று என வற்புறுத்தல் என்பது அதன் துறை. அடையாளங்களைக் கண்ட மாத்திரத்தே காலம் வந்தது என முடிவு கட்டுதலைத் தடுக்கும் அறிவு அத்தோழியின் அறிவு. போர்களையும் நிலநடுக்கங்களையும் கேட்டுக் கலங்காதீர், முடிவு உடனே வாராது என்று நற்செய்தி கூறுவதும் இவ்வறிவே. இறுதிக்காலம் பேசும் உரைகள் பலவற்றில் தலைவியின் கலக்கம் மிகுந்தும் தோழியின் தெளிவு குறைந்தும் காணப்படுதல் வருந்தத்தக்கது.

7. இராயபுரம் முதல் எண்ணூர் வரை

இராயபுரம் என்னும் பெயர், தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்கும் பேதுருவின் பெயரால் அமைந்தது. துறைமுகம் தோன்றுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளில் அலைகடந்து மக்களையும் பொருள்களையும் ஏற்றியிறக்கிய படகோட்டிகளின் ஊர் அது. மீனவராகிய பேதுரு அவர்கட்குக் காவலரானது இயல்பே. அவர் வேறொரு வகையிலும் நம் பொருளோடு தொடர்புடையவர். கெத்சமனித் தோட்டத்தில் ஒரு நாழிகை விழித்திருக்கக் கேட்கப்பட்டு உறங்கிவிட்டவர் அவர். சேவல் கூவுமுன் தலைவரை மறுத்தவரும் அவரே. மாற்கு உவமையில் தலைவன் வரக்கூடிய பொழுதுகள் மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் பொழுது, காலை என நான்காக எண்ணப்படுகின்றன. நம் இலக்கணத்தார் கூறும் மாலை, யாமம், வைகறை, காலை என்பவற்றோடு அவை ஒக்கும். அந்நூலில் அடுத்து வரும் பாடுகளின் இரவு அப்பொழுதுகள் வழியாகவே நகர்வதை ஆய்வாளர் காட்டுவர். ஒவ்வொரு பொழுதிலும் சீடர் தவறினர். தவறிய பேதுருவின் பெயரால் அமைந்த மடலிலேயே விழிப்பை வற்புறுத்தும் அறிவுரை பின்னர் இடம்பெற்றது. விழிப்பு தவறாதவர்க்கே உரிய விருது அன்று. தவறி எழுந்தவரும் மேற்கொள்ளத்தக்க பயிற்சி.

கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை திருவருகைக் காலமாகக் கொண்டு, அதன் தொடக்கத்தில் விழிப்பை நினைவூட்டும் பகுதிகளைப் படிக்கின்றது. ஐரோப்பாவில் அது பனிக்காலம். இக்கரையிலோ அது வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் கார்த்திகை, மார்கழி. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது விழாவின் மறுநாள். 2023-இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்று கத்தோலிக்க ஆலயங்களில் படிக்கப்பட்ட நற்செய்தி, ஏவலர் ஒவ்வொருவர்க்கும் வேலை ஒப்படைத்துச் சென்ற தலைவனைப் பற்றிய மாற்கு உவமை. அன்றிரவே மிக்சாம் புயலின் பெருமழை சென்னையை மூழ்கடித்தது. மணலித் தொழிற்பகுதியினின்று வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசத்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பரவியது. 2017 சனவரி 28-இல் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்த துன்பத்துக்குப்பின் மீனவர் கண்ட மற்றொரு துன்பம் இது.

இத்தகைய நிகழ்ச்சியை இறுதியின் அடையாளம் என்று சுட்டுதல் எளிது. கேட்போரும் அஞ்சுவர். ஆயின் அன்று படிக்கப்பட்ட உவமையை அந்நிகழ்ச்சியோடு வைத்து நோக்கினால் பெறப்படும் பொருள் அச்சமன்று. வாயிற்காவலன் வெள்ளத்தைக் கண்டு தலைவன் வந்துவிட்டான் என்று விளக்கை அணைப்பதில்லை. ஒப்படைத்த வீட்டைக் காக்கின்றான். கழிமுகத்தில் மீனவர் தம் படகுகளிற் சென்று எண்ணெயை அள்ளி அகற்றினர். தம் வாழ்வு நிற்கும் நீரைக் காக்க நேர்ந்த அப்பணி, ஏவலர்க்கு ஒப்படைக்கப்பட்ட வேலை என்னும் சொல்லின் பொருளை நன்கு விளக்குவது. வீட்டைப் பாழாக்கியவர் யார், காக்கத் தவறியவர் யார் என்னும் வினாவும் லூக்கா கூறும் உவமையினுள் உண்டு. உடன் ஏவலரை அடித்துத் தான் களித்திருந்த தீய ஏவலன் அங்குத் தண்டனை பெறுகின்றான். இறுதிக்கால நம்பிக்கை பொறுப்புணர்ச்சியைக் கெடுப்பது அன்று. பொறுப்பைக் கணக்குக் கேட்பது.

இம்மண்ணின் சைவ வரலாறும் இங்கு ஒரு விளக்கை நமக்கு நீட்டுகின்றது. சேக்கிழார் பாடிய கலிய நாயனார் திருவொற்றியூரிற் செக்குத் தொழிற்குடியிற் பிறந்தவர். படம்பக்க நாதர் கோயிலில் உள்ளும் புறமும் அல்லும் பகலும் விளக்கெரித்தவர். செல்வம் தேய்ந்தபின் உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுப் பெற்ற கூலியால் எரித்தார். அவர்கள் எண்ணெய் கொடாது மறுக்கவே, செக்கில் கூலியாளாய் உழைத்து எரித்தார். அதுவும் வாயாதபோது வீட்டையும் பொருளையும் விற்றார். மனைவியாரையும் விற்க முனைந்து, கொள்வார் இன்மையால் தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். இறைவன் கை அவர் கையைத் தடுத்தது.

கன்னியர் உவமையிலும் எண்ணெய் குறைகின்றது. அங்கும் உடனிருப்போர் கொடாது மறுக்கின்றனர். அவ்வளவில் இரண்டும் ஒத்து, அதன்பின் பிரிகின்றன. உவமை முன்னரே சேர்த்து வைக்கும் அறிவைப் போற்றுகின்றது. நாயனார் வரலாறு தீர்ந்தபின்னும் விடாத அன்பைப் போற்றுகின்றது. மனைவியாரை விற்க முனைந்த செயலை இக்காலத்தார் ஏலார். நூலின் எல்லையை அதுவும் காட்டும். எனினும் உழைக்கும் மகன் ஒருவன், கூலியைக் கொண்டு, அவியாமல் ஒரு விளக்கைக் காத்த வரலாறு இக்கடற்கரையிலேயே தமிழாக உள்ளது. பட்டினத்தார் துறவும் கலியர் உழைப்பும் ஒரே ஊரில் இருப்பவை. கிறித்தவ ஆயத்தத்திற்குத் தமிழ் மரபில் துணை தேடுவார் முன்னவரையே நாடினர். பின்னவர் அதற்கு அணுக்கமானவர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. இறுதிக்கால ஆயத்தம் நிலையாமைக் கருத்தின் மறுபெயர் அன்று. அது துறவைக் காட்டிலும் பொச்சாவாமையைச் சார்ந்தது. தமிழ்க் கிறித்தவப் பேரிலக்கியங்கள் அதனைத் தலைவியின் ஏக்கமாகவும், நற்சாவாகவும், பயணமாகவும் சிறப்புறப் பாடின. விளக்கேந்தும் மகளிரையும் வாயிற்காவலனையும் அவை நடுவிடத்தில் நிறுத்தவில்லை. அவ்வெற்றிடத்தில் நாள் குறிக்கும் ஆர்வமும் அச்சமும் எளிதிற் புகுந்துவிடுகின்றன.

1924-இல் கொழும்பில் தொடங்கிப் பின் சென்னையில் வேரூன்றிய பெந்தெகொஸ்தே சபை முதலாகப் பல சபைகள் இரண்டாம் வருகையைத் தம் போதனையின் நடுவில் வைத்துள்ளன. அவர்தம் பாடல்களும் அருளுரைகளும், மீனவர் குப்பங்களில் வழங்கும் மன்றாட்டுகளும் இன்னும் முறையாகத் தொகுக்கப்பெறவில்லை. பட்டமேற்படிப்பு மாணவர் அவற்றைத் தொகுத்து, அவற்றில் தலைவியின் குரல் எவ்வளவு, தோழியின் குரல் எவ்வளவு, விளக்கு மகளிரின் குரல் எவ்வளவு என்று அளந்து காண்பாராயின் இத்துறை தெளிவுபெறும். இரவுப் பணிக்குச் செல்லும் துறைமுகத் தொழிலாளரும், விளக்கேற்றிக் கடல்மேற் செல்லும் காசிமேட்டு மீனவரும் விழிப்பு என்னும் சொல்லின் பொருளை நாடோறும் வாழ்ந்து வருகின்றனர். அவரைத் தலைமக்களாகக் கொண்ட காப்பியம் ஒன்று தோன்றுமாயின், மாற்கின் வாயிற்காவலன் தமிழில் தனக்குரிய இடத்தைப் பெறுவான்.